பத்து நிமிடத்தில் வராவிட்டால்

"எழுதிட்டேன் மேடம். அது கேக்க மாட்டேங்குது" என்றார் குற்றாலிங்கம்.

எஸ்தர் திரும்பிப் பார்த்தாள்.

குற்றாலிங்கத்துக்கு ஐம்பத்திரண்டு வயது. அணைக்கட்டு அலுவலகத்தின் தபால் பிரிவில் இருபத்தேழு வருடம் இருந்தவர். தபால் வருவது நின்றுபோனதும் கணினிப் பிரிவுக்கு மாற்றினார்கள்.

கணினிப் பிரிவு என்பது எஸ்தர்தான். அவளுக்கு முப்பத்தொன்று.

முதல் நாள் அவர் ஒரு தட்டில் தேங்காய், வெற்றிலை பாக்கு, இரண்டு வாழைப்பழத்தோடு வந்து நின்றார். "குருன்னு ஆனப்புறம் வயசு பாக்கக் கூடாது, மேடம்."

எஸ்தர் ஒரு வாழைப்பழத்தை உரித்துக்கொண்டே, "இன்னொண்ணு உங்களுக்கு, அண்ணாச்சி" என்றாள். தீட்சை முடிந்தது.

அவருக்குக் கொடுக்கப்பட்டது ஒரே ஒரு கணினி. அது அந்த அறையில் இல்லை. ஆனைமொட்டை மலை உச்சியில், ஒரு கல் கொட்டகைக்குள், மழைமானியின் பக்கத்தில் இருந்தது. லினக்ஸில் ஓடுவது. திரை கிடையாது, முகம் கிடையாது. கால் மணிக்கு ஒரு தடவை மேலே எவ்வளவு மழை என்று கீழே சொல்லும். அது ஒன்றுதான் அதன் வேலை.

மலையில் பெய்த மழை அணைக்கு வந்துசேர நான்கு மணி நேரம். அந்த நான்கு மணி நேரத்தை வைத்துத்தான் மதகைத் திறப்பார்கள், சங்கை ஊதுவார்கள். போன வருடம் அந்தக் கணினி அரை நாள் ஊமையாக இருந்தது. ஆற்றங்கரையில் போட்டிருந்த கல்யாணப் பந்தல் தண்ணீரோடு போனது. சமையல்காரர் தன் சாம்பார் அண்டாவை மூன்று ஊர் தள்ளிக் கண்டுபிடித்தார்.

கீழே உட்கார்ந்தபடியே லைன் வழியாக அந்தக் கணினிக்குள் போகலாம். அதற்கு ஒரு எண் உண்டு. அந்த எண்ணை மாற்றச் சொல்லியிருந்தாள் எஸ்தர்.

"எங்க எழுதினீங்க?"

"நீங்க சொன்ன கோப்புல. ஒரு புள்ளி விடாம."

"எழுதிட்டு?"

"உக்காந்திருந்தேன். ஒரு மணி நேரம். இன்னும் பழைய எண்ணுலதான் இருக்கு."

எஸ்தர் ஒரு துண்டுத் தாளை எடுத்தாள். 'இரண்டு டீ' என்று எழுதினாள். நான்காக மடித்து மேசை இழுப்பறைக்குள் வைத்து மூடினாள்.

"டீ வரட்டும்" என்றாள்.

குற்றாலிங்கம் காத்திருந்தார். அரை மணி ஆயிற்று.

"மேடம், யார்கிட்டயும் சொல்லலையே."

எஸ்தர் பேனாவால் இழுப்பறையைத் தட்டினாள்.

குற்றாலிங்கம் இழுப்பறையைப் பார்த்தார். பிறகு எழுந்து தன் இடத்துக்குப் போனார்.

•

கற்றுக்கொண்டதை அவர் கொஞ்சம் அதிகமாகவே கற்றுக்கொண்டார்.

கோப்பில் தான் எழுதியதை அழித்துப் பழையபடியே விட்டுவிட்டு, புது எண்ணை நேராகக் கணினியிடம் ஆணையாகவே சொன்னார். அது உடனே கேட்டது.

"சொன்னா கேக்குது மேடம். எழுத வேண்டியதே இல்ல."

எஸ்தர் தலையை ஆட்டினாள். ஆமாம் என்றும் எடுத்துக்கொள்ளலாம், இல்லை என்றும் எடுத்துக்கொள்ளலாம்.

பத்தாம் நாள் மலையில் மின்சாரம் போய் வந்தது. கணினி தூங்கி எழுந்தது. யாரோ வாயால் சொன்னது எதுவும் அதற்கு நினைவில்லை. கோப்பைப் பார்த்தது. பழைய எண்ணைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தது. பழைய எண்ணுக்கான வழியைக் கீழே அதற்குள் எடுத்துவிட்டிருந்தார்கள்.

யாரும் வராத வாசலில் அது நின்றுகொண்டிருந்தது.

குற்றாலிங்கம் பஸ் ஏறினார்.

ஆனைமொட்டைக்கு நாற்பத்து மூன்று கொண்டை ஊசி வளைவுகள். குற்றாலிங்கத்தின் வயிறு பன்னிரண்டு வரைக்கும் தாங்கும். சட்டைப் பையில் ஒரு எலுமிச்சம்பழம் வைத்திருந்தார். மீதி முப்பத்தொன்றையும் அதை முகர்ந்துகொண்டே கடந்தார்.

மேலே கொட்டகையைப் பார்த்துக்கொள்ளும் வேலாண்டி வாசலில் நின்றார்.

"வாங்க அண்ணாச்சி. முகம் என்ன இப்படிப் பச்சையா இருக்கு? கம்ப்யூட்டரு நல்லாத்தான இருக்கு. லைட்டெல்லாம் எரியுது."

"அது நல்லாத்தான்வே இருக்கும். அது எங்கன இருக்குன்னு எங்களுக்குத்தான் தெரியல."

மறுநாள் அலுவலகத்தில் டீ வந்தது. குற்றாலிங்கம் ஒரு வாய் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தார்.

"சர்க்கரை வேண்டாம்னு சொன்னேனே."

"யார்கிட்ட?" என்றாள் எஸ்தர்.

"டீ கொண்டு வாறவர்கிட்ட. போன வாரம்."

"அவர் லீவு. இவர் வேற ஆளு."

குற்றாலிங்கம் டம்ளரைக் கீழே வைத்தார். எஸ்தர் ஒரு விரலால் குறிப்பேட்டை அவர் பக்கம் நகர்த்தினாள்.

•

அதற்குப் பிறகு எழுதினார். எழுதியதைச் சொல்லவும் சொன்னார். இரண்டையும் சரியாகச் செய்தார்.

எண்ணைத்தான் தப்பாகச் செய்தார்.

கணினிக்கு அதன் எண் மட்டும் போதாது. எந்த வாசல் வழியாக வெளியே போகவேண்டும் என்று இன்னொரு எண்ணும் வேண்டும். கேட்வே என்பார்கள். அந்த எண்ணில் மூன்று இருக்க வேண்டிய இடத்தில் குற்றாலிங்கம் எட்டைப் போட்டார். அவருடைய கண்ணாடியில் மேல் பாதி தூரத்துக்கு, கீழ்ப் பாதி கிட்டத்துக்கு. கணினித் திரை இரண்டுக்கும் நடுவில் இருந்தது.

பொத்தானை அழுத்தினார். திரை அப்படியே நின்றது. அவர் அடித்த எழுத்து எதுவும் விழவில்லை.

தான் உட்கார்ந்திருந்த அறையின் கதவைத் தானே வெளிப்பக்கம் பூட்டிவிட்ட மாதிரி இருந்தது அவருக்கு.

எலுமிச்சம்பழம். நாற்பத்து மூன்று வளைவுகள்.

"வாங்க அண்ணாச்சி" என்றார் வேலாண்டி. "உங்களுக்காகச் சுக்குத் தண்ணி போட்டு வச்சிருக்கேன்."

"நான் வருவேன்னு எப்படித் தெரியும்?"

"நேத்து சாயந்திரம் பச்சை லைட்டு அணைஞ்சுது. அண்ணாச்சி ஏதோ சரி பண்ணுறாகன்னு நினைச்சேன்."

திரும்பி வந்து அவர் எஸ்தரின் முன் நின்றார்.

"தப்பே வராம செய்றது எப்படி மேடம்?"

"தெரியலையே அண்ணாச்சி."

"உங்களுக்குத் தப்பு வர்றதே இல்லையே."

"தினம் வருது."

"அப்புறம் எப்படி நீங்க ஒரு தடவைகூட மலை ஏறினதில்ல?"

எஸ்தர் எழுந்தாள். "ரெக்கார்டு ரூம் வரைக்கும் போயிட்டு வந்துடுறேன்."

நடையில் காவலர் இசக்கி நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

"இசக்கியண்ணே, பத்து நிமிஷம்" என்றாள் அவரிடம். இசக்கி சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். அவள் உள்ளே போனாள்.

கேட்டதற்குப் பதில் சொல்லாமல் போகிறாளே என்று குற்றாலிங்கத்துக்கு வருத்தம்.

அந்த ரெக்கார்டு ரூமின் கதவு வெள்ளைக்காரன் காலத்துத் தேக்கு. சாத்தினால் வெளித் தாழ்ப்பாள் தானாக விழும். உள்பக்கம் கைப்பிடி கிடையாது. அது கழன்று பதினோரு வருடம் ஆகிறது. பழுது பார்க்கக் கேட்டு மேலிடத்துக்குப் போன பதினோரு கடிதங்களையும் தபாலில் சேர்த்தவர் குற்றாலிங்கம்தான். கதவைத் திறந்து வைத்துவிட்டுப் போகவும் முடியாது. குரங்குகள் உள்ளே போய்விடும். ஆய்வுக்கு வந்த அதிகாரி ஒருவர் உள்ளே மூன்று மணி நேரம் இருந்துவிட்டார். வெளியே வந்தபோது எந்தக் குறையும் எழுதாமல் ஊர் போய்ச் சேர்ந்தார்.

அதனால் எஸ்தர் உள்ளே போகும்போதெல்லாம் இசக்கியிடம் 'பத்து நிமிஷம்' என்பாள். சின்ன வேலையென்றால் கதவிடுக்கில் ஒரு கட்டையைச் செருகிவிட்டுப் போவாள்; தானாக வெளியே வந்ததும் 'வந்துட்டேன்' என்பாள். ஒரே ஒரு முறை வந்துட்டேன் சொல்ல மறந்துவிட்டாள். இசக்கி சொன்ன நேரத்துக்குப் போய்க் கதவைத் திறந்தார். உள்ளே ஆள் இல்லை. அவளைத் தேடிக்கொண்டு மாடிக்குப் போனார். திறந்த கதவு வழியாகக் குரங்குகள் போய் எண்பத்தேழாம் வருடத்து வெள்ளப் பதிவேட்டில் பாதியைத் தின்றுவிட்டன.

எண்பத்தேழில் வெள்ளம் வந்ததா என்று இப்போது யாருக்கும் தெரியாது.

இதையெல்லாம் குற்றாலிங்கம் நூறு தடவை பார்த்திருக்கிறார். பயந்த சுபாவம் என்று நினைத்திருந்தார்.

•

ஐப்பசி மழை முன்னதாகவே வந்தது.

மூன்று நாளாக விடவில்லை. பத்தொன்பதாம் வளைவில் மண் சரிந்து பாதை மூடியது. வேலாண்டி முந்தின நாள் கடைசி பஸ்ஸில் கீழே இறங்கிவிட்டார். மலை உச்சியில் இப்போது கணினியும் மழையும் மட்டும்தான்.

அன்றைக்கென்று பார்த்துப் பழைய லைனுக்குக் கடைசி நாள். மாலை ஐந்து மணிக்குத் துண்டிப்பார்கள். புது லைன் மேலேயும் கீழேயும் இழுத்து வைத்தாயிற்று. கணினி இன்னும் பழைய எண்களில் இருந்தது. ஐந்துக்குள் புது எண்களுக்கு மாற்றிவிட வேண்டும். மாற்றாவிட்டால் ஊமை. தப்பாக மாற்றினாலும் ஊமை. ஊமையானால் மேலே ஏறிப் போக வழி இல்லை.

அணையிலிருந்து பொறியாளர் மணிக்கொரு தடவை போன் செய்தார். "இன்னைக்கு ராத்திரி எனக்கு அந்த மழைக் கணக்கு வேணும் அண்ணாச்சி. அது இல்லாம நான் மதகைத் திறக்கிறது கண்ணைக் கட்டிக்கிட்டு வண்டி ஓட்டுற மாதிரி. கீழத்தெருவுல முன்னூறு வீடு இருக்கு."

மதியம் இரண்டு மணிக்குக் குற்றாலிங்கம் புது எண்களைத் தனிக் கோப்பில் எழுதி முடித்தார். ஆணையையும் அடித்து வைத்தார். பொத்தானை அழுத்துவதுதான் பாக்கி.

மூன்று மணிக்கும் அதுதான் பாக்கி.

"மேடம், நீங்களே அழுத்திடுங்களேன்."

"நான் அழுத்தினாலும் தப்பு வரும் அண்ணாச்சி. உங்க தப்பாவது உங்களுக்குப் பழக்கமானது."

மூன்றே முக்காலுக்குப் பழைய வெள்ளப் பதிவேடு கேட்டு அணையிலிருந்து ஆள் வந்தார். எஸ்தர் எழுந்தாள்.

"இசக்கியண்ணே, பத்து நிமிஷம்."

தேக்குக் கதவு சாத்திக்கொண்டது. தாழ்ப்பாள் விழுந்தது.

குற்றாலிங்கம் நடைக்கு வந்தார். திரையைப் பார்க்காமல் இருக்க ஏதாவது வேண்டியிருந்தது.

"இசக்கி, பத்து நிமிஷத்துல அவங்க வரலேன்னா என்ன செய்வீரு?"

"தாழ்ப்பாளைத் தூக்கிவிடுவேன்."

"அவங்க கூப்பிட்டாத்தான?"

"கூப்பிட்டா எப்படிக் கேக்கும் அண்ணாச்சி? எவ்வளவு கனமான கதவு. உள்ள மாட்டினவுக சத்தம் வெளிய வராது. அதான் போகுமுன்னாலயே சொல்லிட்டுப் போறாக."

குற்றாலிங்கம் கதவைப் பார்த்தார்.

"அவங்க 'வந்துட்டேன்'னு சொல்லாட்டா நீரா போய்த் திறந்துருவீரு."

"ஆமா."

"அவங்க உள்ள என்ன தப்புப் பண்ணினாலும்."

"அவுக உள்ள என்ன பண்ணுறாகன்னு எனக்கென்ன தெரியும்? எனக்குத் தெரிஞ்சது கடிகாரம்."

வெளியே மழை தகரத்தில் தாளம் மாற்றிப் பெய்தது. குற்றாலிங்கம் தன் வயதுக்குப் பொருந்தாத வேகத்தில் உள்ளே போனார்.

அடித்து வைத்திருந்த ஆணையை அழித்தார்.

முதலில் பழைய கோப்பை ஒரு பிரதி எடுத்துப் பத்திரமாக வைத்தார். அதற்குள் நான்கு மணி அடித்துவிட்டது. பிறகு அந்தக் கணினியிடமே ஒரு வேலை கொடுத்தார்: இப்போதிலிருந்து பத்தாவது நிமிடம், பழைய கோப்பை எடுத்து அதன் இடத்தில் வை, அதன்படி நட, என்னைக் கேட்காதே.

அதற்கப்புறம்தான் புது எண்களைப் போட்டுப் பொத்தானை அழுத்தினார்.

நான்கு இருபது.

திரை நின்றது.

புது எண்ணில் கூப்பிட்டுப் பார்த்தார். பதில் இல்லை. அவருடைய கை சட்டைப் பைக்குப் போயிற்று. அங்கே எலுமிச்சம்பழம் இருந்தது. ஒரு வழக்கமாகவே அது இப்போது அங்கே இருந்தது.

எடுக்கவில்லை. கையைத் திருப்பிக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தார்.

எஸ்தர் பதிவேட்டோடு எப்போதோ வெளியே வந்திருந்தாள். அவர் சும்மா உட்கார்ந்திருப்பதைப் பார்த்தாள்.

"மாட்டிக்கிச்சா?"

"மாட்டிக்கிச்சு மேடம்."

"என்ன பண்றீங்க?"

"உக்காந்திருக்கேன்."

அவள் பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். இசக்கியும் வந்து நின்றார். நான்கு சுவருக்குள் மூன்று பேர் ஒரு கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மலையில், யாருமில்லாத கொட்டகைக்குள், ஒரு இயந்திரமும் தன் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது.

நான்கு முப்பது.

குற்றாலிங்கம் பழைய எண்ணில் கூப்பிட்டார். கணினி, ஒன்றுமே நடக்காததுபோல, வணக்கம் சொன்னது.

குற்றாலிங்கம் சிரித்தார். அந்த அலுவலகத்தில் அவர் சிரித்து யாரும் கேட்டதில்லை. இசக்கி ஒரு அடி பின்னால் நகர்ந்தார்.

"எட்டு மேடம். மறுபடியும் மூணுக்கு எட்டு."

"நான் வாசிக்கட்டா அண்ணாச்சி?" என்றார் இசக்கி. "எனக்குக் கிட்டப் பார்வை நல்லாருக்கும்."

இசக்கி ஒவ்வொரு எண்ணாக விரல் வைத்து வாசித்தார். குற்றாலிங்கம் திருப்பிச் சொன்னார். புள்ளியைக்கூட இரண்டு பேரும் சொன்னார்கள். எதிலும் சந்தேகம் இல்லை என்று ஆனபோது நான்கு ஐம்பத்திரண்டு.

மறுபடியும் முதலில் பத்து நிமிட வேலையைக் கணினியிடம் ஒப்படைத்தார். மறுபடியும் பொத்தானை அழுத்தினார். திரை நின்றது. புது எண்ணில் கூப்பிட்டார்.

வந்தது.

மலை உச்சியில் கடைசிக் கால் மணியில் பெய்த மழை, பதினேழு மில்லிமீட்டர்.

அணைக்குப் போன் போட்டார்கள். பொறியாளர், "நல்லாருப்பீங்க" என்று சொன்னார். பிறகு அதையே வேறு யாரிடமோ சத்தமாகச் சொல்வது கேட்டது. சிறிது நேரத்தில் தூரத்தில் சங்கு ஊதியது. கீழத்தெருக்காரர்களுக்குப் பாத்திரம் பண்டம் எடுத்து வைக்க நான்கு மணி நேரம் கிடைத்தது.

டீ வந்தது. சர்க்கரை இல்லாமல் வந்தது. குற்றாலிங்கம் எழுதிக் கொடுத்த குறிப்பு டீக்கடைச் சுவரிலேயே ஒட்டியிருந்தது.

அணையிலிருந்து வந்தவர் பதிவேட்டில் வேண்டிய பக்கத்தைப் படமெடுத்துக்கொண்டு எப்போதோ போயிருந்தார். எஸ்தர் பதிவேட்டைத் திரும்ப உள்ளே வைக்கப் போனாள்.

"இசக்கியண்ணே, பத்து நிமிஷம்."

ஐந்து மணி. மூலையில் இருந்த பழைய லைன் பெட்டியின் பச்சை விளக்கு இரண்டு தடவை துடித்து அணைந்தது. பதினான்கு வருடம் எரிந்த விளக்கு.

"போயிட்டு வாடே" என்றார் குற்றாலிங்கம் அதனிடம். மனசு நிறைந்திருக்கிறபோது எல்லாரிடமும் ஒரு வார்த்தை பேசத் தோன்றுகிறது. டீயை ஊதி ஊதிக் குடித்தார். மழையைப் பார்த்தார். இனிமேல் எலுமிச்சம்பழம் வேண்டியிருக்காது என்று நினைத்தார்.

தேக்குக் கதவு திறக்கும் சத்தம். இந்தத் தடவை அவள் கதவிடுக்கில் ஒரு கட்டையைச் செருகிவிட்டுப் போயிருந்தாள்.

எஸ்தர் நடையில் நின்றாள்.

"வந்துட்டேன் இசக்கியண்ணே."

இசக்கி தலையை ஆட்டிவிட்டுக் கடிகாரத்திலிருந்து கண்ணை எடுத்தார்.

குற்றாலிங்கத்தின் டீ டம்ளர் பாதி வழியில் நின்றது.

அப்புறம் அது கையில் இல்லை, தரையில் இருந்தது. நாற்காலி சாய்ந்தது. எலுமிச்சம்பழம் சட்டைப் பையிலிருந்து விழுந்து உருண்டு இசக்கியின் காலருகே போயிற்று. குற்றாலிங்கம் நின்றுகொண்டே, வளைந்தபடி, இரண்டு விரலால் எதையோ அடித்தார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு மூக்கு திரையில் படும்படி அதைச் சரிபார்த்தார். அழுத்தினார்.

சுவர்க் கடிகாரத்தின் நீள முள் ஐந்து மணி இரண்டு நிமிடத்துக்கு நகர்ந்தது.

மூவரும் திரையைப் பார்த்தார்கள். எதுவும் நிற்கவில்லை. மலையில் மழை பெய்துகொண்டிருந்தது, இலக்கம் இலக்கமாக.

இசக்கி குனிந்து எலுமிச்சம்பழத்தை எடுத்தார்.

"என்ன அண்ணாச்சி ஆச்சு? ஏன் இந்த ஓட்டம்?"

குற்றாலிங்கத்துக்கு மூச்சு வாங்கியது.

"ஒண்ணுமில்லவே. மேல கடிகாரம் பாத்துக்கிட்டு இருந்ததுகிட்ட 'வந்துட்டேன்'னு சொன்னேன்."